விரலில் விழுந்த கோடு

பொட்டலத்து நூலை இழுத்தபோது அது என் ஆள்காட்டி விரலை இறுக்கிச் சிவப்பாக ஒரு கோடு போட்டது. இன்று தூர்த்துக் கட்டடம் எழுப்பிவிட்ட பழைய ஜெலுத்தோங் கடலின் உப்பு வாடை உடனே மூக்கில் ஏறிவிட்டது.

நோயில் படுத்திருந்த அம்மா ஞாயிறுதோறும் அப்பாவையும் என்னையும் பூசைக்கு அனுப்புவாள். அப்பாவோ மாதா கோயிலுக்குப் போகும் ரிக்‌ஷாக்களுக்கு எதிர்த்திசையில் என்னைக் கூட்டிப்போய்ச் சம்பான் படகில் ஏற்றி, தூண்டில் முள் மாட்டிய சின்னக் கரண்டியைக் கயிற்றில் கட்டிப் பின்னால் விட்டு, அது தண்ணீருக்குள் குஞ்சு மீனைப்போல மினுங்கி வரும்படி நிதானமாகத் துடுப்புப் போடுவார். கயிற்றின் இந்த முனை என் விரலில் சுற்றியிருக்கும். தூரத்தில் கோயில் மணி கேட்டதும் துடுப்பை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொள்வார். படகு நின்றதில் கரண்டி ஆடி ஆடி அமிழ, பெரும்பாலும் அப்போதுதான் தெங்கிரி மீன் கவ்வும். அப்பா என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

வீட்டில், "பாசார்ல வாங்கினேன்" என்பார்.

ஒரு ஞாயிறு அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தாள். தேங்காயெண்ணெயைத் தொட்டு அந்தக் கோட்டின்மேல் தேய்த்துக்கொண்டே, "பூசையில எனக்காக வேண்டிக்கிட்டியாம்மா?" என்றாள்.

"வேண்டிக்கிட்டேம்மா."

அடுப்படியில் அப்பா மீன் கழுவும் சத்தம் நின்றது. அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.