சூப் ரின் போகிற தொட்டில்

பழைய தொட்டில் வியாபாரத்தில் விற்பதைவிட விற்காமல் விடுவதுதான் பெரிய வேலை. இதை எனக்கு முதலில் சொன்னவ எல்சி. எழுபதுகளின் நடுவில், நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பழைய சாமான் கடை நடத்தினவ. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு நான் அங்கே உதவிக்கு நிற்பேன். நானும் ஒரு காலத்தில் மடியில் கைக்குழந்தையும் வெறும் வீடுமாய் இருந்தவள், தொட்டில் தேடி வருகிறவர்களின் பாடு எனக்கு விளங்கும்.

சூப் ரின்

முதல் நாளே எல்சி ஒரு தக்காளி சூப் ரின்னை, அதுதான் தகர டப்பாவை, என் கையில் தந்தா. தொட்டில் கம்பிகளுக்கு இடையில் அதைத் தள்ளிப் பார்க்க வேண்டுமாம். மறுபக்கம் போனால் அந்தத் தொட்டில் குப்பைக்கு. நல்ல மரமாயிற்றே, வீணாய்ப் போகுதே என்று நான் இழுத்தேன். எல்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னா: "இந்த ரின் போற இடத்தால பிள்ளையின்ர உடம்பு போகும். தலை போகாது, கம்பியில இறுகும்."

குமிழ்

நான்கு மூலையிலும் உயரமான குமிழ் வைத்த தொட்டில் ஒன்று வந்தது. பார்க்க அரண்மனைச் சாமான் மாதிரி. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, பிடித்து எழும்பப் பழகிய மகனோடு வந்து, அதுதான் வேண்டும் என்று நின்றாள். பிள்ளையின் கழுத்தில் கறுப்புக் கயிறு. அது குமிழில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். "குமிழை அறுத்துத் தாறன், கயிறையும் கழட்டிவிடு பிள்ளை" என்றேன். அவள் யோசித்தாள். "குமிழை அறுங்கோ அன்ரி. கயிறைக் கழட்டினால் அம்மா கொழும்பில இருந்து பிளேன் ஏறி வந்து நிப்பா."

அவசரம்

பிள்ளை பிறக்குமுன் தொட்டில் வாங்குவது எங்கள் ஆட்களுக்கு ஆகாது. அதனால் தகப்பன்மார் எல்லாரும் ஆசுபத்திரியிலிருந்து நேரே ஓடி வருவார்கள். ஒரு சனிக்கிழமை, அடுத்த கட்டிடத்தில் பத்தாம் மாடியில் இருக்கும் மெட்ராஸ்காரத் தம்பி ரகு மூச்சு வாங்க வந்து நின்றார். மனைவியும் மகளும் மதியம் வீட்டுக்கு வருகிறார்கள். கடையில் ஒரே ஒரு தொட்டில். காலையில்தான் வந்தது, நான் இன்னும் பார்க்கவில்லை. ரின்னைத் தேடினேன். முந்தின நாள் பசி தாங்காமல் எல்சி அதை உடைத்துக் குடித்திருந்தா. கையாலாவது அளப்போம் என்று குனிந்தேன். அதற்குள் அவர் கழற்றி வைத்திருந்த தொட்டில் பலகைகளைத் தோளில் ஏற்றிவிட்டார். "கவலைப்படாதீங்கக்கா, இதுல எத்தனை வெள்ளைக்காரக் குழந்தை வளர்ந்திருக்கும்!"

பத்தாம் மாடி

அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உடுப்புகளை மடித்தேன், மடித்ததைக் குலைத்தேன். செபமாலை எடுத்தால் எந்த மணியில் நிற்கிறேன் என்று தெரியவில்லை. மாதாவே, இனிச் செபிக்கிற வேலை உமக்கு, நான் போய்ப் பார்க்கிறேன் என்று கோட்டை மாட்டினேன். வழியில் ஒரு சூப் ரின் வாங்கினேன். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போனது.

ரகு சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். குழந்தை தாயின் மடியில் இருந்தது. தொட்டிலில் புது விரிப்பு. நான் சுகம்கூடக் கேட்காமல் நேரே போய் ரின்னைத் தள்ளினேன். அது கம்பியில் படாமலே உள்ளே போய் மெத்தையில் உருண்டது. ரகுவின் சிரிப்பு நின்றது. அவர் மனைவி மகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அந்த ரின்னையே பார்த்தாள். "தொட்டிலை எடுத்துட்டுப் போங்கக்கா. டப்பா இங்கயே இருக்கட்டும்."

அந்தக் கடையில் நான் செய்த ஆகத் திறமான வியாபாரம், விற்ற தொட்டிலைப் பத்து மாடி இறக்கித் திரும்பக் கொண்டுவந்ததுதான். உங்கள் வீட்டில் யாராவது பழைய தொட்டில் வாங்கப் புறப்பட்டால், ஒரு சூப் ரின்னைக் கையில் குடுத்து அனுப்புங்கோ.