பரணில் வைத்த இரும்புக் குண்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள், சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். பேய்க்குப் பயந்து வளர்ந்தவன் இல்லை நான். அம்மா சேசம்மாள் குடோனில் கோதுமை மூட்டை தூக்குகிறாள். நான் தாராவியில் ஒரு பேக்கரியில் ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நிற்கிறேன். எங்களுக்குப் பயப்பட ஏது நேரம்? ஆனாலும் போன மே மாதம் எங்கள் அறையில் நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில்.

தங்கை அதீபா போலீஸ் பர்த்திக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். பர்த்தி என்றால் ஆள் எடுப்பு; அதில் ஓட்டத்தோடு குண்டு எறிதலும் உண்டு. ஓட்டத்தில் அவளை யாரும் தொட முடியாது. போன தடவை குண்டில்தான் போனது. வயது தாண்டுகிறது, இதுதான் கடைசி வாய்ப்பு. மைதானத்தில் ஒரே குண்டுக்குப் பெரிய வரிசை நிற்கும். சொந்தமாக ஒன்று இருந்தால்தான் பழக முடியும். விளையாட்டுச் சாமான் கடையில் விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். இரும்புதானே, பழைய சாமான் வாங்கும் பங்கார் கடையில் எடைக்குக் கிடைக்காதா?

கிடைத்தது. வானமாமலை அண்ணாச்சியின் பழைய இரும்புக் கடையில், பைப்புகளுக்கு நடுவில் கிடந்தது. தராசில் வைத்தார். சரியாக நாலு கிலோ. பெண்கள் எறிகிற எடை.

“யாரு கொண்டாந்து போட்டது அண்ணாச்சி?”

“இரும்புக்கு ஊரும் பேரும் கேட்டா நான் கடை நடத்த முடியுமாலே? தூக்கிட்டுப் போ.”

எங்களுடையது ஒரே அறை. மேலே பலகைப் பரண். அதன் விளிம்புக்கு நேர் கீழே ஒரு பாய், ஒரு தலையணை. ராத்திரி அதீபா படுப்பாள், பகலில் அதே இடத்தில் நான். குண்டு உருளாமல் இருக்க, அம்மா தன் பழைய சும்மாட்டுத் துணியை வளையமாகச் சுருட்டிப் பரணின் உள்மூலையில் வைத்து, அதன்மேல் உட்கார வைத்தாள்.

“என் தலையில இருந்த மூட்டையே அசைஞ்சது கெடையாது. இது எங்க போவும்?” என்றாள்.

மறுநாள் பகல். அம்மா வேலைக்கும் அதீபா வகுப்புக்கும் போயிருந்தார்கள். மணி பன்னிரண்டரை இருக்கும்.

கர்ர்ர்ர்…

மேலே ஏதோ உருண்டது. பலகையில் இரும்பு உருளும் சத்தம். கொஞ்ச தூரம் வந்து நின்றது.

ஏறிப் பார்த்தேன். குண்டு சும்மாட்டில்தான் இருந்தது. எலியாக இருக்கும். தொட்டேன்… சட்டென்று கையை எடுத்துவிட்டேன். மே மாத வெயில், தலைக்கு மேல் தகரம். எங்கள் பேக்கரி அடுப்பு மாதிரி கொதிக்கிற பரண் அது. குண்டு மட்டும் ஜில்லென்று இருந்தது. ஈரமாகவும் இருந்தது, வியர்த்த கை ஒன்று இப்போதுதான் இறக்கி வைத்த மாதிரி.

அடுத்த நாளும் அதே நேரம். இந்த முறை பரணின் பாதி வரை வந்தது. ஏறிப் பார்த்தால் குண்டு மூலையில்.

அதற்கும் அடுத்த நாள், முக்கால்வாசி. நான் ஏறிப் பார்க்கவில்லை.

“குண்டைத் திருப்பிக் குடுத்துருவமா?” என்று சாயங்காலம் அதீபாவிடம் கேட்டேன்.

“கிறுக்கா அண்ணே ஒனக்கு? அது வந்த பொறவுதான் எனக்குக் கையே வருது. யாரோ பக்கத்துல நின்னு தூக்கி விடுத மாதிரி இருக்கு. தூக்கம் கெட்டா காதுல பஞ்சு வச்சுக்க.”

மறுநாள் அவள் வகுப்புக்குப் போகவில்லை. காலைப் பயிற்சியில் உடம்பெல்லாம் வலி.

“நைட் ஷிப்ட் தொரை, இன்னைக்கு ஒரு நாள் பாயை விட்டுக் குடுங்க” என்று சிரித்தாள். கொடுத்தேன். அவள் காலடியில், வாசலோரம் சுருண்டேன்.

கண் அசந்துவிட்டது.

கர்ர்ர்ர்…

விழித்தேன்.

பாதி தாண்டியது.

முக்கால் தாண்டியது.

நிற்கவில்லை.

“அதீபா!”

அவள் அசையவில்லை…

கர்ர்ர்ர்ர்ர்ர்…

அவள் கணுக்கால் இரண்டையும் பிடித்து இழுத்தேன்.

சத்தம் நின்றது.

ஒரு மூச்சு…

தொம்!

தலையணை கிழிந்து பஞ்சு பறந்தது. அதற்குக் கீழே சிமெண்டுத் தரை விரிசல் விட்டிருந்தது. அதீபா என் மடியில் கிடந்து அந்த விரிசலையே பார்த்தாள்.

பரணில் ஏறினேன். அங்கே யாரும் இல்லை. சும்மாடு வளையமாக இல்லை. பிரித்து, உதறி, நாலாக மடித்து வைத்திருந்தது. மூட்டை தூக்குகிறவள் பெற்ற பிள்ளை நான். சுமையை இறக்கியவர்கள்தான் சும்மாட்டை அப்படி மடிப்பார்கள்.

குண்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு வானமாமலையிடம் ஓடினேன். அவர் சாக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பிள்ள உசிரோட இருக்காளாலே?”

“ஏன் அப்பிடிக் கேக்கிய?”

சாக்கைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

“இது மூணு தடவ இங்க வந்துட்டுலே. உல்லாஸ்நகர், ஐரோலி, விக்ரோலி. மூணும் பர்த்திக்குப் பழகின பொம்பளப் பிள்ளைங்க. மூணும் மத்தியானத் தூக்கத்துல. பிள்ளைய அடக்கம் பண்ணிட்டு வீட்டாளுவதான் கொண்டாந்து போட்டாவ.”

“தெரிஞ்சா எனக்கு வித்திய?”

“இரும்புலே…” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

உருக்காலைக்குப் போகும் லாரியில் ஏற்றச் சொல்லி, அது கிளம்பும்வரை நின்றேன். அதீபா மைதானத்து வரிசையில் நின்றே பழகித் தேறிவிட்டாள். இப்போது காக்கி உடுத்துகிறாள். இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள்.

எனக்குத்தான் பகல் தூக்கம் போய்விட்டது. உருக்கினால் இரும்பு செத்தா போகிறது? கம்பியாகவோ, கொக்கியாகவோ, வாணலியாகவோ ஆகி, இந்நேரம் யார் வீட்டுப் பரணிலாவது ஏறியிருக்கும்.