மார்வா இன்டர்வியூவுக்குப் போன காலை

1. இரண்டு முறை அடித்த பஸ்ஸர்

நான் புலம்பெயர்ந்து வந்த ரெக்ஸ்டேலில் ஒரு முதியோர் இல்லத்தில், முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். நாள், ஆண்டு பிசகாமல் எழுத விரும்புகிறவள். ஆனால் இங்கே, கொரோனாக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு வந்த குளிர்காலம் என்பதே போதும்.

எங்களில் பலருக்கு வேலை பழக்கியவர் மார்வா. ஜமேக்காக்காரி. ஒரு மாடியின் வேலையாட்களுக்குப் பொறுப்பான டீம் லீட் வேலைக்கு அவர் முதல்முறை விண்ணப்பித்தபோது, அவர் பழக்கிவிட்ட வெள்ளைக்காரப் பெண்ணுக்கே அது போனது. இரண்டாம் முறை, அவருடைய ஷிஃப்ட் நேரத்திலேயே இன்டர்வியூ வைத்தார்கள். அவருடைய பகுதியைப் பார்க்க ஆள் போடவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது, முதியவர்கள் உதவிக்கு அழுத்தும் பஸ்ஸர் அடித்தது. ஓடிப்போய் ஒரு கிழவரைக் கட்டிலில் ஏற்றிவிட்டு வந்தார். திரும்பவும் அடித்தது, திரும்பவும் ஓடினார். அந்த முறை விண்ணப்பித்த மற்றப் பெண்ணை அவளுடைய லீவு நாளில் கூப்பிட்டிருந்தார்கள். வேலை அவளுக்குக் கிடைத்தது.

"உங்கட கவனம் இன்டர்வியூவில இருக்கேல்லை, மார்வா" என்றார் மனேஜர்.

(அவர்கள் பேசியது ஆங்கிலம். என் நினைவில் எல்லோரும் எங்கள் தமிழில்தான் பேசுகிறார்கள்.)

உடுப்பு மாற்றும் அறையில் மார்வா சொன்னார்: "இன்னும் ஒருக்காப் பார்ப்பன். சரிவராட்டி ஒஷாவாவில மகளிட்டப் போறன். இஞ்ச பட்டது காணும்."

2. அபேனாவின் பேஸ்மென்ட்

கானாவிலிருந்து வந்த அபேனா எங்கள் மாடியில் வேலை செய்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்டில், தலை பின்னுவார்கள். எங்கள் இல்லத்திலும் பக்கத்து இல்லங்களிலும் வேலை செய்த கறுப்பினப் பெண்கள் வருவார்கள். மெல்லிய பின்னல்கள் பலவாக ஒரு தலை முடிய அரை நாள் பிடிக்கும். பின்னலுக்கு இருப்பவள் எழும்ப முடியாது. ஆகவே அன்று அவளுடைய பிரச்சினைதான் பேச்சு. மார்வாவுக்கு நடந்ததற்குப் பிறகு அங்கேயே இன்டர்வியூவும் பழகத் தொடங்கினார்கள். மனேஜராக நடிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"எங்களுக்குச் சிரிப்பு வந்திடும். உன்ர முகம் ஃபிரிட்ஜ் கதவு மாதிரி" என்றாள் அபேனா.

வீட்டில் என் கணவர் கேட்டார்: "ஞாயிறிலயும் அங்க என்ன வேலை?"

"தலை பின்னுகினம்."

"உமக்குப் பின்ன என்ன கிடக்கு?"

வசந்தத்தில் மூன்றாம் மாடியில் டீம் லீட் இடம் காலியானது. இன்டர்வியூ மறுபடியும் மார்வாவின் ஷிஃப்டில். அவருடைய இடத்துக்கு நாங்கள் ஆள் கேட்டதற்கு, "கொஞ்ச நேரம்தானே, சமாளியுங்கோ" என்றார் மனேஜர். அந்த ஞாயிறு மார்வாவின் தலை அபேனாவின் கையில் இருந்தது.

"அண்டைக்கு எனக்கு லீவு. ஷிஃப்டை மாத்துவம். நீ வீட்டிலயிருந்து வெளிக்கிட்டு வா" என்றாள் அபேனா.

ஞானஸ்நானம், பிள்ளைகளின் பட்டமளிப்பு, எங்கள் கோயில் தேர் என்று எல்லோருக்கும் ஷிஃப்ட் மாற்றித் தந்தவர் மார்வா. தனக்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.

"மற்றவை கேட்டால் உதவி. நான் கேட்டால் ஏலாதவள் எண்டு எழுதிவைப்பினம்" என்றார் அவர்.

"அவை எழுதட்டும். நீ எங்களிட்டக் கேள்."

மார்வா மெல்லத் தலையை அசைத்தார்.

"தலையாட்டாத, பின்னல் கோணும். வாயால சொல்லு."

"வா, அபேனா. எனக்காக வந்து நில்" என்றார் மார்வா. நான் என் ஃபிரிட்ஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

3. அந்தக் காலை

மார்வா நேரத்தோடு வந்தார், தேய்த்த சட்டையுடன். அவர் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பஸ்ஸர் அடித்தது. அபேனா போனாள். மறுபடி அடித்தது, நான் போனேன். "சத்தம் கேட்டவுடன கால் தன்ரபாட்டில எழும்பப் பார்த்தது. பிடிச்சுக்கொண்டு இருந்தன்" என்று பிறகு மார்வா சொன்னார்.

வேலை அவருக்குக் கிடைத்தது. தன் மாடியில் யாருக்கு இன்டர்வியூ என்றாலும், அந்த நேரத்துக்கு, இன்டர்வியூவுக்குப் போகிறவருடைய பகுதியைப் பார்க்க ஆள் போடுவதுதான் மார்வா செய்த முதல் மாற்றம்.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். தனியே சமாளிப்பதே திறமை என்று எங்களிடம் சொன்னவர்கள், தங்களுக்கு வேண்டியவர்களை ஒருநாளும் தனியே சமாளிக்க விட்டதில்லை. அதைக் கண்டுபிடித்து, ஒருவருக்கு ஒருவர் ஆளாக நின்றவர்கள் அந்தப் பெண்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பெருமை.