லயத்து வீட்டின் பின்கதவு: தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு செவ்வாய்க்கிழமை

பழைய ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடு ஒன்றை அப்படியே நிறுத்தி அருங்காட்சியகம் ஆக்குகிறார்களாம், போய்ப் பார்த்து எழுதுங்கள் என்று இந்தப் பக்கத்தில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு விடுப்பு கிடைத்தது. பொறுப்பாளர் புஷ்பா அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இன்னும் தொறக்கல தங்கச்சி. ஆனா அன்னிக்கு நகராண்மையிலேர்ந்து ஆபீசர் பாக்க வராரு. ஆளுங்க வர்ற எடம்னு அவருக்குத் தெரியணும். நீங்க வந்தா நல்லதுதான் லா" என்றார்.

ஆக, நான் பாதி பார்வையாளர், பாதி கூட்டம் காட்டப் போன ஆள்.

காலை ஏழு மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் தோசையும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீருமாகப் பசியாறினேன். எட்டு ரிங்கிட் இருபது சென். பக்கத்துச் சென்ட்ரல் நிலையத்தில் 7.40 ரயிலைப் பிடித்துக் கிள்ளானில் இறங்கும்போது மணி 8.50. அங்கிருந்து கைப்பேசியில் கார் பிடித்தேன். இருபத்து நான்கு கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம், முப்பத்தொரு ரிங்கிட். ஓட்டுநர் நம்மவர்தான்.

"அங்க என்னா இருக்கு மிஸ்? தொர பங்களாவா?"

"இல்லண்ணே. லயத்து வீடு."

"அதுலதான் நாங்கல்லாம் பொறந்தோம். அத யாரு போய் பாக்கப் போறா?"

இறக்கிவிட்டதும் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். காரை ஓரங்கட்டிவிட்டு அவரும் இறங்கினார். ஐந்து நிமிடம் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போனார்.

தோட்டம் இப்போது இல்லை. ரப்பர்ப் பால்மரம் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்து, அதுவும் போய், வரிசை வரிசையாக மாடி வீடுகள் எழும்புகின்றன. மேட்டில் இருக்கும் துரை பங்களாவை அருங்காட்சியகத்துக்குத் தருவதாக வீடமைப்பு நிறுவனம் முதலில் சொன்னதாம். புஷ்பா அக்காவும் முன்னாள் தோட்டத்தார் சிலரும் அது வேண்டாம், லயத்தில் ஒரு வீடு போதும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பங்களா இப்போது வீடு விற்கும் அலுவலகம். லயத்தில் மிச்சம் இந்த ஒரு வீடுதான். முன்னால் ஓர் அறை, நடுவில் ஓர் அறை, பின்னால் அடுப்படி. பலகைச் சுவர், தகரக் கூரை. பால் வாளி, பால் வடிய மரப்பட்டையை வெட்டும் உளி, இரும்புக் கட்டில், சாமி படம் மாட்டியிருந்த இடத்தில் சுவரில் ஒரு வெளிறிய சதுரம். பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நான் ஒரு மணி நேரம் பார்த்தேன்.

அது முனியாண்டி அண்ணனின் குடும்பம் இருந்த வீடு. அறுபதைத் தாண்டியும் லோரி ஓட்டுகிறார். சாமான்கள் எல்லாம் அவர் கொடுத்தவை. அன்றைக்கு லோரியை வெளியே நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். புஷ்பா அக்கா பக்கத்துத் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். அரைநாள் விடுப்பு போட்டு வந்திருந்தார்.

அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். இளவயது மலாய்க்காரர், பொறுமையானவர். கூரையைப் பார்த்தார், மின்கம்பியைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். அடுப்படிக்குப் போனவர் பின்கதவைத் தள்ளினார். அசையவில்லை. சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்திருந்தது.

மக்கள் வரும் இடத்துக்கு இரண்டு வழி வேண்டும், இது திறக்காவிட்டால் கையெழுத்துப் போட முடியாது என்றார். டெங்கிலில் இன்னொரு வேலை இருக்கிறதாம், மூன்று மணிக்குத் திரும்பி வருவதாகச் சொன்னார். மாதக் கடைசிக்குள் அனுமதி வராவிட்டால் நிறுவனம் வீட்டை இடித்துக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். மறுபடி விண்ணப்பிக்க நாள் கிடையாது.

அதிகாரி போனதும் புஷ்பா அக்கா முனியாண்டி அண்ணனைப் பார்த்தார். அவர் முடியாது என்று தலையசைத்தார்.

"அப்பா அடிச்சது புஷ்பா. அது அப்படியே இருக்கணும்னு சொல்லித்தான குடுத்தேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்பாதான் இப்ப இல்லையேண்ணே" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து லோரிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

விஷயத்தைப் புஷ்பா அக்கா சொன்னார். முனியாண்டி அண்ணனின் தங்கை லெட்சுமி, பத்தொன்பது வயதில், பக்கத்துத் தோட்டத்து டிரைவர் ஒருவரைக் கட்டிக்கொள்ள இந்தக் கதவு வழியாகத்தான் வீட்டை விட்டுப் போனார். அன்று மாலையே அப்பா ஆணி அடித்துவிட்டார். அதற்குப் பிறகு அடுப்புச் சாம்பல் கொட்டக்கூட அம்மா முன்வாசல் வழியாக லயத்தையே சுற்றிப் போனாராம். அப்பா இறந்தபின் அண்ணனும் தங்கையும் மறுபடி பேசத் தொடங்கினார்கள், தீபாவளிக்குப் போய் வருகிறார்கள். ஆனால் இந்த வீட்டுக்கு லெட்சுமி வந்ததே இல்லை.

அரைமணி கழித்து முனியாண்டி அண்ணன் இறங்கி வந்தார். கையில் போன்.

"நான் மட்டும் முடிவு பண்ணக் கூடாது. அவளக் கேட்டேன். வராளாம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னா."

கிள்ளானுக்கு அந்தப் பக்கம் மேருவிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு ஒன்று நாற்பதுக்கு வந்து சேர்ந்தார் லெட்சுமி அக்கா. தொழிற்சாலை ஒன்றில் கேன்டீன் நடத்துகிறார். ஏப்ரனைக் கூடக் கழற்றவில்லை. முன்னறையில் நிற்காமல் நேரே அடுப்படிக்குப் போனார். ஆணிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"பதினொன்னு. எனக்கா இத்தன?"

"அவரு அழுதுகிட்டே அடிச்சாரு. பாதி கோணலாப் போச்சு. நீயே பாரு" என்றார் அண்ணன்.

லெட்சுமி அக்கா கை நீட்டினார். அண்ணன் ஆணி பிடுங்கும் சுத்தியலைக் கொடுத்தார். முதல் ஆணி அவருக்கு அசையவில்லை. அண்ணன் கடப்பாரையைக் கொடுத்துப் பக்கத்தில் நின்று சேர்ந்து அழுத்தினார். துருவேறிய தலைகள் நான்கு உடைந்தன. அவற்றை இரும்பறுக்கும் வாளால் அறுக்க வேண்டியிருந்தது. நான் டார்ச் பிடித்தேன். எனக்குத் தெரிந்த தச்சு வேலை அவ்வளவுதான்.

இரண்டு ஐம்பதுக்குக் கதவு திறந்தது. வெளியே இடுப்பளவு லாலான் புல். முனியாண்டி அண்ணன் பாராங்கத்தியால் வழி வெட்டினார். லெட்சுமி அக்கா வெளியே போய் நின்று, திரும்பி, படியேறி உள்ளே வந்தார். "பசிக்குது. யாராச்சும் சாப்பிட்டீங்களா?" என்றார். காரில் மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்திருந்தார். கட்டுக் கட்டாக ஆறு பேருக்கு.

மூன்று பத்துக்கு அதிகாரி வந்தார். முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறி, கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். ஒரு நேரத்தில் பதினைந்து பேருக்கு மேல் விடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மிச்சமிருந்த சோற்றுக் கட்டுகளில் ஒன்று அவருக்குப் போனது.

போக நினைப்பவர்களுக்கு: இப்போது சனி, ஞாயிறு காலை பத்து முதல் நான்கு வரை திறந்திருக்கிறது. கட்டணம் இல்லை, உண்டியல் உண்டு. திரும்பும்போது அங்கே கார் கிடைப்பது சிரமம், வந்த காரையே காத்திருக்கச் சொல்லுங்கள். கார் வர எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. கொசு அதிகம். உங்கள் வீட்டில் தோட்டத்துப் படம் ஏதாவது இருந்தால் எடுத்துப் போங்கள், அங்கேயே நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறார்கள். அழகான பங்களாவைப் பார்க்கிற ஆசையோடு போனால் ஏமாறுவீர்கள். நம்மில் பலர் வந்த வீடு எவ்வளவு சின்னது, அதற்குள் எவ்வளவு நடந்திருக்கிறது என்று பார்க்கப் போங்கள். ரயிலில் திரும்பும்போது எனக்கு மனசு நிறைந்திருந்தது.

பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அட்டையைப் பார்ப்பீர்கள். அதிகாரி போனதும் புஷ்பா அக்கா பேனாவை எடுத்துக்கொண்டு, இங்கே என்ன எழுதட்டும் என்று லெட்சுமி அக்காவைக் கேட்டார்.

"லெட்சுமி இந்த வழியா போனான்னு எழுது. ஓடிப்போனான்னு எழுதாத. நான் ஓடல. காலையில எட்டு மணிக்கு, பையத் தூக்கிகிட்டு, நடந்துதான் போனேன்."

அப்படியே எழுதியிருக்கிறார்கள்.