முயல் சுடப் போவதாகச் சொன்னேன்

நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டில் தெருமுனைக் கடைக்கு டெய்ரி என்று பெயர். மனுரேவாவில் இருக்கும் எங்கள் டெய்ரிக்குள் ஒரு மத்தியானம் மூன்று பேர் புகுந்தார்கள். இருவர் சிகரெட் அலமாரியைப் பிடுங்கினார்கள். மூன்றாமவன் கையில் சுத்தியல் இருந்தது. என் கணவர் தடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு போகட்டும் என்று இரண்டு கைகளையும் கல்லாமேசை மேல் வைத்தபடி நின்றார். வெளியே போகிற போக்கில் அவன் என் கணவரின் வலது கையின் மேல் சுத்தியலால் ஓர் அடி போட்டுவிட்டுப் போனான். உள்ளே பால் அடுக்கிக்கொண்டிருந்த நான் குளிர்பெட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகமூடி கழுத்துக்கு இறங்கியிருந்தது. அவன் சிரித்துக்கொண்டே அடித்தான்.

போலீஸ் அவனைப் பிடித்தது. வீட்டுக் காவல் என்று தீர்ப்பானது. காலில் கண்காணிப்புப் பட்டை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தால் போதும். என் கணவருக்கு விரல்கள் மடங்கவில்லை. காலையில் நான்தான் அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடுவேன். ஒவ்வொரு பட்டனுக்கும் அவனை ஒரு முறை கொன்றேன்.

துப்பாக்கி வாங்குவது என்று முடிவு செய்தேன். வெஸ்ட்கேட்டில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் பண்ணைகளில் முயல் சுடப் போகிறவர். அவரிடம் கேட்டேன்.

"அக்கா, பாதுகாப்புக்கு எண்டு சொன்னா லைசன்ஸ் தரமாட்டினம்," என்றார். "முயல் சுட எண்டு சொல்லுங்கோ."

பண்ணைக்குக் கூட்டிப்போய், பக்கத்திலேயே நின்று, அவருடைய துப்பாக்கியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். வேலிக்கம்பத்தில் தகர டப்பா வைத்தார். நான் டப்பாவைப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். இரண்டாவது குண்டில் டப்பா பறந்தது. நண்பர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓம், கை நல்லாத்தான் நிக்குது," என்றார். குரலில் சந்தோஷமில்லை.

லைசன்ஸுக்கான வகுப்புக்குப் போனேன், பரீட்சையும் தேறினேன். கடைசியில் விசாரிக்க ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். என்னிடம் கேட்டபோது முயல்கள் பயிரை நாசம் செய்வதைப் பற்றி வருத்தமாகவே பேசினேன். பிறகு என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டார். சமையலறையிலிருந்து எனக்கு எதுவும் கேட்கவில்லை.

உரிமம் மறுக்கப்பட்டது.

"அந்த அதிகாரிகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"இவ முயல் சுடப் போகலைன்னு சொன்னேன்."

"அடி வாங்கினது நீங்க. உங்களுக்குக் கோவமே வராதா?"

"வருது. அதான் வீட்டுல துப்பாக்கி வேணாம்னேன். நீ எடுக்கலைன்னா நான் எடுத்துருவேன்."

அவரோடு பல நாள் பேசவில்லை. பட்டன் மட்டும் போட்டுவிட்டேன்.

அவர் கடையில் புகை இயந்திரம் பொருத்த ஏற்பாடு செய்தார். கல்லாவுக்குக் கீழே ஒரு பொத்தான். அழுத்தினால் கடை முழுக்க வெள்ளைப் புகை நிறைந்து கண்ணே தெரியாது. யாருக்கும் தீங்கில்லை என்றார் பொருத்தியவர். அதைக் கேட்டு எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அவன் தண்டனை முடிந்து அதே கடைக்கு வருவான் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காலை நேரம், தனியாக வந்தான். முகத்தை மறைக்கவில்லை. கைகளைப் பார்த்தேன், ஒன்றில் ரொட்டி, இன்னொன்றில் பால். இரண்டையும் மேசைமேல் வைத்தான். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பையிலிருந்து கார்டை எடுத்தான்.

நான் பொத்தானை அழுத்தினேன்.

புகை சீறிக்கொண்டு வந்து அவனை விழுங்கியது. அலமாரியில் இடித்துக்கொண்டான், டின்கள் உருண்டன. கதவைத் தேடி அவன் அலறியதைக் கேட்டேன். எனக்கு இனித்தது. அந்த நிமிடம் விரலுக்கு அடியில் துப்பாக்கி இருந்திருந்தால், அதையும் இதே போல அழுத்தியிருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவன் வெளியே ஓடிய பிறகு வந்த போலீஸ்காரரிடம் பயந்துவிட்டேன் என்றேன். பாவம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

டின்களை இடது கையால் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்த என் கணவர் மேசையைப் பார்த்தார்.

"ரொட்டி வாங்கத்தான வந்திருக்கான்."

"ஆமா."

"தெரிஞ்சுதான் அழுத்தினியா?"

"தெரிஞ்சுதான்," என்றேன்.

நான் ரொட்டியையும் பாலையும் அதனதன் இடத்தில் திரும்ப வைத்துவிட்டு, கடையை மறுபடி திறந்தேன்.