நீலக் கட்டத் துணி

இருபத்திரண்டு வருடமாகக் கடைகளின் கழிவுநீர்க் குழாய்களோடு மல்லுக்கட்டுகிறேன். எங்கே அடைத்துக்கொண்டாலும், மூடியைத் திறக்கும் முன்பே "எவன் எதைப் போட்டான்?" என்று கத்துவேன். பழகிப்போன பேச்சு.

போன மாதம் ஓர் உணவகத்தில், தெருச் சாக்கடை திரும்பி உள்ளே வராமல் தடுக்கும் வால்வைப் பொருத்தினேன். நேற்று பெய்த மழையில் அந்தச் சமையலறை முழுக்கச் சாக்கடை. முதலாளி என்னை முறைத்தார்.

"வால்வுல தப்பே இல்ல சார். பாத்திரம் கழுவுறவங்க கண்டதையும் உள்ள தள்ளுறாங்க."

எல்லார் முன்னாலும் அவர் பாத்திரம் கழுவும் அக்காவை வெளுத்து வாங்கினார். அக்கா குனிந்து சாக்கடைத் தண்ணீரை வாரத் தொடங்கினார். நான் என் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று குழாய்க்குள் கேமராவை விட்டேன். வால்வின் கதவை மூடவிடாமல் ஒரு துணி சிக்கிக் கிடந்தது. நீலக் கட்டம். என் பழைய சட்டையின் கை. வேலை முடியும்வரை சமையலறைத் தண்ணீர் வராமலிருக்க நான்தான் திணித்தேன், எடுக்க மறந்திருக்கிறேன்; அது தண்ணீரோடு மெல்ல நழுவி வால்வுக்கு வந்திருக்கிறது. அதே சட்டையின் இன்னொரு கை என் பையில் இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பின்னாலிருந்து அக்கா திரையை எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, நான் துடைக்கிற துணிதான் போல. எப்படி விழுந்துச்சுன்னே தெரியல. முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."

பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"சொல்லலக்கா."

துணியை வெளியே எடுத்து முடித்ததும், கை கழுவச் சோப்பு கொண்டுவந்து நீட்டினார்.

"நீங்க நல்லா இருக்கணும்ண்ணே."