மேசை இல்லாத கச்சேரி

எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீடுகள் இருந்தன. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. அது எங்களுடையது.

ஓக்லண்டின் மேற்கே மாசி என்ற ஊரின் தாழ்ந்த பக்கத்தில், ஓடைக்கரையில் குடியிருக்கிறோம். அந்தப் பெருமழையன்று ஓடை ஒழுங்கைக்குள் ஏறியது. தண்ணீர் வடிந்ததும் கவுன்சில் ஆட்கள் வந்து கதவுகளில் அட்டை ஒட்டினார்கள். ஆறு சிவப்பு, இரண்டு மஞ்சள், ஒரு வெள்ளை. சிவப்பு என்றால் உள்ளே போகவே கூடாது. மஞ்சள் என்றால் பொருட்களை எடுக்கப் போய் வரலாம். வெள்ளை என்றால் குடியிருக்கலாம். வெள்ளை எங்களுக்கு வாய்த்தது. எங்கள் வீடு மற்ற வீடுகளைவிடச் சற்று உயரமான மரத்தூண்களில் நிற்கிறது. வெள்ளம் தரைப்பலகைக்கு நாலு விரற்கடை கீழே வந்து நின்றுவிட்டது. பின்னர் கவுன்சில் மற்ற எட்டு வீடுகளையும் வாங்கி ஒவ்வொன்றாக அகற்றியது. அந்த இடங்களில் இப்போது புல். புல்லுக்கு நடுவே எட்டுத் தபாற்பெட்டிகள் நின்றன. அவற்றில் ஐந்தை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெள்ளம் வந்த அன்று என் மனைவி சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பலகைக்குக் கீழே தண்ணீர் எதையோ கொண்டுவந்து தட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் அவள் காதை விட்டுப் போகவில்லை. மழை தொடங்கினால் செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவடிக் கதிரையில் உட்கார்ந்துவிடுவாள். மழை விடும்வரை படுப்பதில்லை, சாப்பிடுவதுமில்லை. ஓக்லண்டில் மழை பெய்யாத கிழமை எது? அவளுடைய சட்டைகளை நான் மூன்று தடவை பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். இந்த வீட்டில் வைத்திருந்தால் இந்த மனிசியை இழந்துவிடுவீர்கள் என்று வைத்தியர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

எங்கே கொண்டுபோவது? மகன் விரி என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறான். இரண்டு அறை வாடகை வீட்டில் ஐந்து பேர். எட்டு வெறுங்காணிகளுக்கு நடுவே நிற்கும் வீட்டை வாங்கவும் ஒருவரும் வரமாட்டார்கள். கவுன்சில் எங்கள் வீட்டையும் எடுத்தாலொழிய எங்களுக்குப் போக்கிடமில்லை.

ஆகவே கச்சேரிக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

நான் வன்னியில் மாவட்டக் கச்சேரியில் காணிப் பகுதி எழுதுவினைஞனாக இருந்தவன். கச்சேரி என்றால் அரசாங்க அதிபர் இருந்து மாவட்டத்தை ஆளுகிற இடம். கச்சேரி இருந்தபடியால்தான் அது பட்டினம். பஸ் நிலையம், மனு எழுதுகிறவர்கள், தேத்தண்ணிக் கடைகள் எல்லாம் அதைச் சுற்றி வந்து ஒட்டிக்கொண்டவை. புதன்கிழமை பொதுமக்கள் தினம். அன்று எந்த அதிகாரியும் வெளியே போகக் கூடாது. எவர் வந்தாலும் முகம் பார்த்துக் கேட்க வேண்டும். போர்க்காலத்தில் சனங்கள் இடம்பெயர்ந்தபோது கச்சேரியும் கூடவே இடம்பெயர்ந்தது. ஒருமுறை பள்ளிக்கூடத்தில் இருந்தோம், ஒருமுறை பாலைமரத்தின் கீழ் இருந்தோம். அதிபரின் மேசையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவோம். இறக்கிய அன்றே பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை முளைக்கும். மேசை எங்கேயோ, அங்கே பட்டினம்.

இங்கே கதை வேறு. நூலகத்தில் இருந்து வாசித்தேன். இந்த மேற்குப் பக்கம் முதலில் கவுண்டி என்கிற ஒரு நாட்டுப்புறச் சபையின் கீழ் இருந்தது. பிறகு நியூ லின் போன்ற ஊர்கள் தனித்தனிச் சபைகளாகி, ஆளுக்கொரு மேயரை வைத்துக்கொண்டன. பிறகு எல்லாம் சேர்ந்து மேற்குக்கு ஒரு நகரசபை வந்தது. ரயில் நிலையத்தருகே அதற்கென்று பெரிய கட்டடம் எழுப்பினார்கள். கட்டி முடித்த கொஞ்ச வருடங்களிலேயே அந்தச் சபையும் மற்றச் சபைகளும் கலைந்து, ஓக்லண்ட் முழுவதற்கும் ஒரே சபை ஆயிற்று. நாங்கள் கச்சேரியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இங்கே சனங்கள் இருந்த இடத்தில் இருக்க, கச்சேரிதான் எழும்பிப் போய்விட்டது.

புதன்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போனேன். சாட்சிக்கு மலேசியத் தமிழர் ஒருவரைக் கூட்டிப்போனேன். எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் வீட்டில் இருந்தவர். சிவப்பு அட்டை வாங்கி, இப்போது நியூ லின்னில் இருக்கிறார்.

"கிளார்க் சார், பசியாறியாச்சா? என்னா இது, பொண்ணு பாக்கப் போற மாதிரி சட்டை?" என்றார்.

"அதிகாரியைப் பாக்கப் போறம். நீங்களும் சறத்தை விட்டிட்டுக் காற்சட்டையோடை வந்திருக்கிறியள்தானே?"

"எங்க சார் அதிகாரி? போன் பண்ணாவே மியூசிக்தான் வருது. உங்களுக்கு வெள்ளை அட்டை குடுத்து மாட்டிவிட்டானுங்க. என் வீட்டுல தண்ணி சோபா வரைக்கும் வந்துச்சு, தப்பிச்சேன் பாருங்க."

முன்மேசையில் இருந்த பிள்ளை நல்ல மரியாதையானவள். வெள்ளத்து வீடுகளை வாங்குகிற பகுதி அதிகாரிகள் ஒருவரும் இங்கே இல்லை, நகரத்து நடுவில் உள்ள கட்டடத்துக்கு உரியவர்கள் என்றாள். அங்கே போனால் அதிகாரி எந்த மேசையில் இருப்பார் என்று கேட்டேன். அவருக்கென்று மேசை கிடையாது. வருகிற அன்று கிடைக்கிற மேசையில் இருப்பார். பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வேலை என்றாள். இங்கேயும் அப்படித்தான் என்று கண்ணாடிக்கு அப்பால் காட்டினாள். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு கதிரைகள். ஒன்றிலும் பெயர் இல்லை. நான்கில் ஆட்கள் இருந்தார்கள்.

"புதன்கிழமை என்றாலுமா வரமாட்டார்?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. அதிகாரியோடு கணினியில் முகம் பார்த்துக் கதைக்க அடுத்த புதனுக்கு நேரம் எடுத்துத் தந்தாள். உள்ளே வெள்ளம் வராத வீட்டைக் கவுன்சில் வாங்குவதில்லை, அதற்கும் ஒரு விலக்கு உண்டு. குடியிருப்பவர்களால் இனி அங்கே வாழ முடியாது என்று அதிகாரி கண்டால் மறுபடி பார்ப்பார்கள். ஆனால் அதைப் பாதிக்கப்பட்டவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்றாள். திரும்பும்போது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. மனிசி இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அவளுடைய முகமே சொல்லிவிடும்.

எங்கள் ஊரில் காணிக் கச்சேரி என்று ஒன்று வைப்போம். அதிகாரி அந்தக் காணிக்கே வந்து, மரத்தின் கீழ் மேசை போட்டு, எல்லோர் முன்னாலும் விசாரிப்பார். நானும் அப்படியே செய்தேன். பக்கத்துக் காணிப் புல்லில் பிளாஸ்டிக் மேசையை வைத்து, அதில் மகனின் மடிக்கணினியை வைத்தேன். எட்டு வெறுங்காணியும் ஓடையும் அதிகாரியின் கண்ணில் படட்டும். மூன்று கதிரைகள் போட்டேன். மலேசியக்காரர் ஒன்றில், மனைவி ஒன்றில், நான் ஒன்றில்.

திரையில் வந்தவள் முப்பது வயது தாண்டாத வெள்ளைக்காரப் பிள்ளை. தன்னுடைய சமையலறையில் இருந்தாள். பின்னால் கழுவாத கோப்பைகள் ஏழு. பக்கத்தில் பால்போத்தல். எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கியது. அவள் மன்னிப்புக் கேட்டாள். நான் ஓடையைக் காட்டினேன், தூணில் வெள்ளம் நின்ற அடையாளத்தைக் காட்டினேன். மலேசியக்காரர் தன் ஆங்கிலத்தில் நன்றாகவே சாட்சி சொன்னார். எல்லாவற்றையும் அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் மனைவியிடம், அம்மா, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டாள்.

மனைவி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு எத்தனையோ மாதம்.

"நோ பிராப்ளம், மிஸ். வி ஆர் ஓகே. தாங்க் யூ."

"இல்லை, அவள் நித்திரை கொள்ளுறதே இல்லை" என்று நான் ஆங்கிலத்தில் குறுக்கிட்டேன். அந்தப் பிள்ளை என்னைக் கையமர்த்தி, அவவே சொல்லட்டும் என்று மறுபடியும் கேட்டாள். மனைவி மறுபடியும் சிரித்தாள்.

"ஆல் குட், மிஸ். பேபி கிரையிங். யூ கோ."

திரை அணைந்தது. நான் மனைவியின் பக்கம் திரும்பினேன்.

"ஏனப்பா அப்பிடிச் சொன்னனீர்?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "அதைத்தானே கேட்டவ? அதைச் சொல்லத்தானே இவ்வளவும்?"

"இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளை குசினிக்கை இருக்குது. பால்போத்தல் கிடக்குது, குழந்தை அழுகுது. ஒருத்தரின்ரை குசினிக்கை போய் நிண்டு ஒப்பாரி வைக்கிறதே?"

"அவ அதிகாரியப்பா!"

"அதிகாரியெண்டால் கந்தோரிலை, மேசைக்குப் பின்னாலை எல்லோ இருப்பினம்."

நான் எத்தனையோ புதன்கிழமைகள் கச்சேரியில் இருந்தவன். மேசைக்கு முன்னால் வந்து நின்று அழாத பெண் குறைவு. ஊரில் பக்கத்து வீட்டுக்குக்கூட மூச்சு விடாதவர்கள், அந்த நீள மேசையைக் கண்டதும் உடைந்து அழுவார்கள். அது ஒருவருடைய வீடும் இல்லை. அங்கே அழலாம். இவளும் ஒருமுறை அப்படி அழுதவள்தான், பாலைமரத்தின் கீழ், தன் அண்ணனின் மரணப் பதிவுக்கு வந்தபோது. எனக்கு அவளைத் தெரிய வந்ததே அன்றுதான்.

முடிவு வந்தது. குடியிருப்பவர்கள் நலமாக உள்ளார்கள், வீடு இப்போதுள்ள வகையிலேயே இருக்கும், கவுன்சில் வாங்காது. அந்தப் பிள்ளையில் குற்றமில்லை. கேட்டதை எழுதியிருக்கிறாள். நான் அதன்பின் நான்கு தடவை தொலைபேசி எடுத்தேன். நான்கு குரல்கள், நான்கும் வேறு வேறு. புதிதாக ஏதாவது நடந்தால் மீண்டும் விண்ணப்பிக்கலாமாம். புதிதாக என்றால் என்ன? தண்ணீர் இன்னும் நாலு விரற்கடை ஏற வேண்டும்.

இப்போது வானிலைச் செய்தியில் மழை என்று சொன்னால் காலையிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் அந்த ரயில் நிலையத்தடிக் கட்டடத்துக்குப் போய்விடுகிறேன். கீழ்த்தளத்தில், வருகிறவர்கள் இருக்கப் பன்னிரண்டு கதிரைகள் போட்டிருக்கிறார்கள். கொங்கிரீட் தரை, கீழே ஒன்றும் தட்டாது. அவள் பையை மடியில் வைத்து, சுவரில் தலையைச் சாய்த்து, சற்று நேரத்தில் தூங்கிவிடுவாள். முன்மேசைப் பிள்ளை பார்த்தும் பாராதமாதிரி இருக்கிறாள். காவலாளி ஒருநாள் வந்து, எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அதிகாரிக்காக என்றேன். வேறு என்ன சொல்ல?

ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள். நாலே முக்காலுக்கு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்குவார்கள். போன தடவை மூன்றாவது விளக்கு அணைந்தபோது அவள் திடுக்கிட்டு எழும்பினாள்.

"எங்கடை பேரைக் கூப்பிட்டவையே?"

"இல்லை, இன்னும் கூப்பிடேல்லை. நீர் நித்திரை கொள்ளும்."

கண்ணாடிக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.